மௌனம் சம்மதமாகாது

திருவண்ணாமலை இரவிலும் உறங்காத ஊர். பௌர்ணமி வந்தால் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய மக்கள் நடந்துகொண்டிருப்பர். அவ்வூரின் புறவழிச்சாலையோரம், 2025 செப்டம்பர் இறுதியில், ஆந்திரத்திலிருந்து சரக்கு வாகனத்தில் வந்த இளம்பெண் ஒருவர் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகப் புகார் எழுந்தது. கைதானவர்கள் காவலர்கள் இருவர், பணியிலிருந்தும் நீக்கப்பட்டனர். குற்றத்தை முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றம்.

இத்தகைய செய்திகளைப் படிக்குந்தோறும் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு: "அவள் ஏன் கூச்சலிடவில்லை?" சகோதரிகளே, இக்கேள்வி ஒருகாலத்தில் உச்சநீதிமன்றத்திலேயே எழுந்தது. 1972இல் மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், காவல் நிலையத்திற்குள்ளேயே ஒரு பழங்குடிச் சிறுமி சீரழிக்கப்பட்டாள். உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்று கூறி 1978இல் உச்சநீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. அச்சத்தால் பணிவது வேறு, மனமுவந்து இசைவது வேறு அல்லவா என்று சட்டப் பேராசிரியர்கள் நால்வர் 1979இல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். நாடெங்கும் பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். அதன் பயனாய் 1983இல் சட்டம் திருந்தியது. காவலில் நிகழும் இக்குற்றத்தில், உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சியம் அளித்தால், நீதிமன்றம் அதனையே ஏற்றுத் தொடங்க வேண்டும்.

2013ஆம் ஆண்டுத் திருத்தம் சம்மதம் என்பதற்கே விளக்கம் தந்தது. சொல்லாலோ சைகையாலோ ஐயத்திற்கிடமின்றித் தானாக வெளிப்படுத்துவதே சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்பது மட்டும் சம்மதமாகிவிடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவும் இதையே கூறுகிறது. பதினெட்டு வயது நிறையாதவரின் சம்மதம் சட்டத்தின் முன் செல்லாது. ('கற்பழிப்பு' என்ற சொல்லையும் நாம் கைவிடுதல் நலம். அழிந்தது அவளுடைய கற்பு என்று அச்சொல் பொய்ச்சாட்சி கூறுகிறது.)

நிக்காஹ்வுக்கு முன் வகீலும் சாட்சிகளும் மணமகளிடம் சென்று சம்மதம் கேட்டுவருவதை நாம் அறிவோம். கேட்டே அறிய வேண்டியது அது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எனினும் ஆண்பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லும் பெற்றோர் மிகச் சிலரே.

தீங்கு நேர்ந்தால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். எல்லை காட்டித் திருப்பியனுப்பச் சட்டத்தில் இடமில்லை. அரசு, தனியார் மருத்துவமனை எதுவாயினும் இலவசமாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும். பரிசோதனைக்கு முன் குளிக்காமலும், உடைகளைத் துவைக்காமலும் இருப்பது நல்லது. நாட்கள் கடந்திருந்தாலும் புகார் அளிக்கத் தடையில்லை. மகளிர் உதவி எண் 181.