சைக்கிளும் சைக்ளோனும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆங்கில நாளேட்டைப் பிரித்தால் ‘சைக்ளோன்’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். நீங்கள் ஓட்டும் சைக்கிளுக்கும் இச்சொல்லுக்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? இரண்டும் ‘கிக்ளோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தவை. வட்டம், சக்கரம் என்று அதற்குப் பொருள். பாம்பின் சுருளையும் அது குறிக்கும்.

சைக்ளோன் பழஞ்சொல் அன்று. நம் நாட்டிலேயே, கல்கத்தாவில் பிறந்த சொல். அதைப் படைத்தவர் ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர். கப்பல் தலைவராக இருந்து, பின்னர் கல்கத்தாவில் தங்கியவர். அக்காலத்தில் புயலுக்குப் பல பெயர்கள் இருந்தன. ‘ஹரிக்கேன்’ அவற்றுள் ஒன்று. இது கரீபியத் தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. பலத்த காற்றிலும் அணையாத நம் அரிக்கேன் விளக்கின் பெயரும் இதுவே. ஆனால் இத்தகைய பெயர்கள் காற்றின் வேகத்தை நினைவூட்டினவே தவிர, அது எப்படி வீசுகிறது என்பதைச் சொல்லவில்லை.

புயலில் சிக்கிய கப்பல்களின் பதிவேடுகளைப் பிடிங்டன் திரட்டினார். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்திசையிலிருந்து காற்று வீசியது என்று ஆராய்ந்தார். அமெரிக்காவில் ரெட்ஃபீல்டு முன்னரே கண்டறிந்தது போல, காற்று ஒரு மையத்தைச் சுற்றி வருவதை இவரும் கண்டார். 1848இல் மாலுமிகளுக்காக வெளியிட்ட கையேட்டில் ‘சைக்ளோன்’ என்ற பெயரை முன்மொழிந்தார்.

காற்று ஏன் சுற்ற வேண்டும்? அழுத்தம் குறைந்த மையத்தை நோக்கி நாற்புறமிருந்தும் காற்று பாய்கிறது. ஆனால் பூமி சுழல்வதால், வட கோளார்த்தத்தில் அது தன் பாதையிலிருந்து வலப்புறம் விலகுகிறது. எனவே மையத்தை நேரே சென்றடைய முடியாமல், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுருண்டு சுற்றுகிறது. தென் கோளார்த்தத்தில் சுழற்சி இதற்கு நேர்மாறு.

இதனால் மாலுமிக்கு என்ன பயன்? வட கோளார்த்தத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயலின் மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கம் இருக்கும். பிடிங்டன் தம் நூலுடன், கொம்பினால் செய்த, ஒளி ஊடுருவும் தகடுகளையும் கொடுத்தார். அவற்றில் காற்றின் வட்டங்கள் வரையப்பட்டிருந்தன. கடல் வரைபடத்தின்மேல் தகட்டை வைத்து, மையம் இருக்கும் திசையை அறிந்து, கப்பலை விலக்கிச் செலுத்தலாம். வானொலியோ செயற்கைக் கோளோ இல்லாத காலத்தில் இது உயிர் காக்கும் கருவியன்றோ!

கரையில் வாழும் நமக்கும் அச்சொல்லில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. புயலின் மையம் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென ஓயும், மழையும் நிற்கலாம். புயல் போய்விட்டது என்றெண்ணி வெளியே வந்துவிடாதீர்கள். கடந்து சென்றது வட்டத்தின் ஒரு பாதியே. மறுபாதி சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே சீற்றத்துடன் வீசும். சைக்ளோன் என்றால் வட்டம் என்பதை அப்போது நினைவிற் கொள்ளுங்கள்.