ஒலியினும் விரைந்த ஊர்திகளும் அவற்றின் வீரரும்

விரைவு என்பது மக்கள் பண்டுதொட்டு வியந்து போற்றிவரும் பண்புகளுள் ஒன்று. குதிரையையும் தேரையும் காற்றோடு ஒப்பிட்டுப் பாடிய நம் புலவர்கள், காற்றினும் கடிது செல்வதொன்றைக் கற்பனையிலேயே கண்டனர். பிற்காலத்திலோ, காற்றினூடே செல்லும் ஒலியையும் பின்னிட்டுப் பறக்கும் போர்விமானங்கள் தோன்றின. ஒலியை வெல்லுதல் யாது, அஃது எங்ஙனம் இயல்கின்றது, அம்முயற்சியில் நம் நாட்டார் பெற்ற பேறும் இழந்த உயிரும் எத்தகையன என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

கிருஷ்ணகிரி முதல் சிங்காரப்பேட்டை வரையில் பாறைக்குப் பஞ்சமில்லை. அங்கே கல்லுடைப்போரைச் சற்றுத் தொலைவில் நின்று நோக்குக. சம்மட்டி பாறையிற் படுவது முதலிற் கண்ணுக்குப் புலனாகும். அதன் ஓசை பிந்தியே செவியை எட்டும். ஒலி ஓரிடத்தினின்று மற்றோரிடம் செல்லக் காலம் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கடல்மட்டத்தில், மிதமான வெப்பத்தில், ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி, அதாவது மணிக்குச் சுமார் 760 மைல் செல்லும். குளிர் மிகுந்த இடத்தில் அவ்விரைவு குறையும். 36,000 அடி உயரத்தில் அது மணிக்குச் சுமார் 660 மைலே. ஆதலின் ஒரு விமானத்தின் விரைவை, அது பறக்கும் இடத்தில் ஒலிக்குள்ள விரைவோடு ஒப்பிட்டுக் கூறுதல் மரபாயிற்று. எர்ன்ஸ்ட் மாக் (1838-1916) என்னும் அறிஞரின் பெயரால், ஒலியோடு ஒத்த விரைவை 'மாக் 1' என்றும், அதன் இருமடங்கை 'மாக் 2' என்றும் வழங்குவர்.

இனி, ஒலியை முந்துதல் அரிதாவது ஏன் எனின், அதற்கும் ஓர் எளிய உவமை உண்டு. குளத்தில் மெல்ல நீந்தும் வாத்துக்கு முன்னே சிற்றலைகள் ஓடி, நீரை விலகச் செய்கின்றன. வாத்து அவ்வலைகளினும் விரைந்து நீந்தினால், அவை முன்செல்ல மாட்டாமல் ஆப்பைப்போல் இருபுறமும் குவியும். காற்றிலும் இவ்வாறே நிகழ்கின்றது. விமானத்தின் வருகையை அதற்கு முன்னுள்ள காற்றுக்கு அறிவிப்பவை ஒலியின் விரைவிற் செல்லும் அழுத்த அலைகளே. விமானம் அவ்விரைவை எட்டுங்கால் அவ்வலைகள் ஒன்றன்மேலொன்றாக நெருங்கி அதிர்ச்சியலையாகின்றன. அப்பொழுது காற்றின் தடை பன்மடங்கு பெருகும், விமானம் குலுங்கும், திருப்பும் கருவிகள் விமானியின் கைக்கு அடங்கா. அவ்வலை நிலத்தை அடையும்பொழுதே இடிபோன்ற முழக்கம் கேட்கின்றது. இரண்டாம் உலகப் போரில் செங்குத்தாகப் பாய்ந்த விமானிகள் சிலர் இவ்விடரை எதிர்ப்பட்டனர். பின்னர் 1947-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள், சக் யேகர் என்னும் அமெரிக்க விமானி, ராக்கெட்டால் உந்தப்பட்ட பெல் எக்ஸ்-1 என்னும் விமானத்தில் கலிபோர்னியாவின் வானில் ஒலியை முந்தினார்.

போர்விமானங்களுக்கு இவ்வாற்றலை அளித்தது ஜெட் பொறி. அது முன்புறம் காற்றை உள்வாங்கி, நெருக்கி, எண்ணெயோடு சேர்த்து எரித்து, வெம்மைமிக்க வாயுவைப் பின்னே பீறிடச் செய்யும். அவ்வாறு பின்னே தள்ளுவதன் எதிர்விளைவாக விமானம் முன்னே செல்லும். வெளிப்போகும் வாயுவில் மீண்டும் எண்ணெயைப் பாய்ச்சி எரிக்கும் பின்னெரிப்பு முறையும் உண்டு. இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்தும் உடலை ஒடுக்கியும் வடிவத்தை எத்துணைச் செம்மை செய்யினும், பொறியின் வலிமை குறையுமாயின் ஒலியின் வாயிலை விமானம் எளிதிற் கடவாது.

இவ்வுண்மையை நம் நாடு பெருவிலை கொடுத்தே கற்றது. ஓசூரின் எல்லையைக் கடந்து இருபத்தைந்து மைல் சென்றால் பெங்களூர். அங்குள்ள இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில், 1956-இல் இந்தியாவுக்கு வந்த குர்ட் டாங்க் என்னும் ஜெர்மானிய நிபுணரின் தலைமையில், நம் நாட்டுப் பொறியாளர்கள் ஒரு போர்விமானத்தை உருவாக்கினர். அதற்கு 'மாருத்' என்று பெயர். 'மாருதம்' என நம் நூல்கள் காற்றை வழங்கும் சொல்லும் இதனோடு உறவுடையதே. 1961-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் சுரஞ்சன் தாஸ் என்னும் விமானி அதனை முதன்முதல் வானிற் செலுத்தினார்.

மாக் 2 என்பதே அவ்விமானத்திற்குக் குறித்த இலக்கு. ஆயின், அதற்குக் கிடைத்தவை பின்னெரிப்பில்லாத ஆர்ஃபியூஸ் என்னும் ஆங்கிலேயப் பொறிகள் இரண்டே. வலிமை மிக்க மற்றோர் பொறியை ஆக்கி முடித்தற்குரிய பொருளை அளிப்பார் இன்மையால் அது கைவிடப்பட்டது. எனவே மாருத் ஒலியின் விரைவைத் தொட்டும் தொடாமலும் நின்றது. இக்குறையை நீக்குவதற்காகப் பின்னெரிப்புப் பொருத்திய மாருத் விமானமொன்றைச் சோதிக்கையில், 1970-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள், பெங்களூரில் வானேறும்பொழுதே அது வீழ்ந்து, சுரஞ்சன் தாஸ் உயிர் நீத்தார். பெங்களூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

எனினும் மாருத் பயனின்றிப் போகவில்லை. 1971-ஆம் ஆண்டுப் போரில் இராஜஸ்தானப் பாலைவனத்தின்மேல் தாழப் பறந்து பகைவரின் டாங்கிகளையும் இரயில்வண்டிகளையும் தாக்கியது. டிசம்பர் 7-ஆம் நாள் ஸ்குவாட்ரன் லீடர் பக்ஷி என்பவர் மாருத்தைக் கொண்டே பகைவரின் சேபர் விமானமொன்றை வீழ்த்தினார். நிலத்திலிருந்து சுடப்பட்டு வீழ்ந்த மாருத்கள் உண்டு. வான்போரில் வீழ்ந்தது ஒன்றுமில்லை.

விரைவு குறைந்த ஊர்தியில் இருந்தும் வெற்றி கொள்ளலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று 1965-ஆம் ஆண்டுப் போரில் உண்டு. பாகிஸ்தானிடம் அக்காலத்தில் ஒலியினும் இருமடங்கு விரைந்து செல்லும் ஸ்டார்ஃபைட்டர் விமானங்கள் இருந்தன. செப்டம்பர் 7-ஆம் நாள் விடியற்காலையில், பஞ்சாபின் ஆதம்பூரிலிருந்து மிஸ்தேர் விமானங்கள் சில சர்கோதா என்னும் பகைவர் தளத்தைத் தாக்கப் புறப்பட்டன. மிஸ்தேர் நேர்ப்பறப்பில் ஒலியை எட்டாதது. குடகு நாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, வேண்டுங்கால் ஒருவர்க்கு மாற்றாகச் செல்லவே குறிக்கப்பட்டிருந்தார், அவ்வாறே சென்றார். தாக்குதலை முடித்து மீள்கையில் ஸ்டார்ஃபைட்டர் ஒன்று அவர்களைத் துரத்தியது. தேவய்யாவின் விமானம் அடிபட்டது. அவர் தப்பியோட முயலாது திரும்பிப் போர்புரிந்தார். ஸ்டார்ஃபைட்டரின் இறக்கை மிகச் சிறிது. நேரோட்டத்திற்கு ஏற்ற அது, குறுகிய வட்டத்தில் திரும்பமாட்டாது. தாழ்ந்த வானில் நிகழ்ந்த அச்சுழற்போரில் விரைவு பயன்படவில்லை. தேவய்யா அதனைச் சுட்டு வீழ்த்தினார். அதன் விமானி குதித்து உயிர் பிழைத்தார்; தேவய்யா மீளவில்லை.

உடன் சென்றோர் ஒருவரும் அப்போரைக் கண்டிலர். ஆதலின் அவர் செய்த செயல் பல்லாண்டு அறியப்படாது கிடந்தது. 1979-இல் ஜான் ஃபிரிக்கர் என்னும் ஆங்கிலேய ஆசிரியர், பாகிஸ்தான் தரப்புச் செய்திகளைக் கொண்டு எழுதிய நூலின் வழியாகவே உண்மை புலப்படலாயிற்று. 1988-இல், இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின், அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. மாற்றார் வாய்மொழியே அவர் புகழுக்குச் சான்றாயிற்று.

இவ்விடத்துத் தமிழ் மாணவர்க்கு நடுகல் நினைவுக்கு வருதல் இயல்பு. சிங்காரப்பேட்டையிலிருந்து கிழக்கே செல்லும் சாலை செங்கத்தை அடையும். பல்லவர் காலத்து நடுகற்கள் பல நிற்கும் நாடு அது. ஆநிரை மீட்கப் பொருது பட்ட எளிய வீரர்களின் பெயர்களை அவை வட்டெழுத்தில் தாங்கியுள்ளன. எடுத்தனூர் நடுகல்லில், தலைவனோடு நின்ற 'கோவிவன்' என்னும் நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நாயையும் மறவாத மரபு நம்முடையது. வீரன் ஏந்திய வேல் எத்துணை நீளம் என அக்கற்கள் கூறவில்லை. அவன் யார், எதற்காக நின்றான் என்றே கூறுகின்றன. மாக் எண்ணும் வேலின் நீளம் போன்றதே. தாவீதின் கையிலிருந்தது கவண் என்பதை நாம் அறிவோம்.

அதனால் நற்கருவி வேண்டாவென்பது கருத்தன்று. சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தது கருவியின் குறையைத் தீர்க்கும் முயற்சியிலன்றோ? பெங்களூரில் உருவான தேஜஸ் விமானம் 2001-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் முதன்முதற் பறந்தது. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் ஒலியைக் கடந்தது. 2018-இல் தேஜஸ் படையணி கோயம்புத்தூரை அடுத்த சூலூருக்கு வந்து சேர்ந்தது. ஆயினும் அதனை உந்துவது அமெரிக்கப் பொறியே. 'காவிரி' எனப் பெயரிட்டு 1989-இல் தொடங்கிய நம் பொறி, தேஜஸிற் பொருந்தும் நிலையை எய்தவில்லை. மாருத் கற்பித்த பாடம் இன்னும் முற்றும் படிக்கப்படாமலே உள்ளது.

பௌதிகமும் பொறியியலும் பயிலும் நம் தோழர்க்கு இது கடமையைச் சுட்டும். நம்மைப் போன்று இலக்கியம் பயில்வார்க்கும் ஒரு கடமை உண்டு. போர் புகழத்தக்கதன்று, படைக்கலம் ஒழியும் நாளை ஏசாயா தீர்க்கதரிசியோடு நாமும் நோக்கியிருப்போம். அந்நாள் வருமளவும், பிறர்க்காகத் தம் உயிரை ஈந்தோரின் பெயரை, மாற்றார் வந்து சொல்லுமுன் நாமே உண்மையாக எழுதி வைப்போமாக.