கண்டி நகரில் ஒரு நாழிகை நடை

கண்டி நகருக்கு வடக்கே, மாத்தளைக்குச் செல்லும் பெருவழியில் அலவத்துகொட என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. அவ்வூர்ச் சந்தியில் பஸ் ஏறுவோர் அக்குறணையைக் கடந்து, கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையின் பாலத்தைத் தாண்டிக் கண்டியை அடைவர். கச்சேரி அலுவலை நாடியோ, வைத்தியசாலையை நாடியோ, கடைவீதியை நாடியோ நாள்தோறும் இவ்வாறு வருவோர் பலர். அவர்களுள் பெரும்பாலோர் தலதா மாளிகையைத் தொழுதோ, தூரத்தே கண்டோ திரும்பிவிடுகின்றனர். அம்மாளிகையைச் சுற்றி, ஒரு மைல் தூரத்துக்கும் குறைந்த பரப்பில், இலங்கை வரலாற்றின் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சான்றுகள் ஒன்றையொன்று அடுத்து நிற்கின்றன. நடைக்கு மட்டும் ஏறத்தாழ ஒரு நாழிகை போதும். நின்று பார்ப்பதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டும்.

நகரின் நடுவே கொட்டுகொடல்ல வீதியில் உள்ள கதிர்காமத் தேவாலயத்திலிருந்து இந்நடையைத் தொடங்குவது நன்று. கடைகளுக்கிடையே ஒடுங்கி நிற்கும் இத்தேவாலயம் முருகப் பெருமானுக்குரியது. பெரஹெரா ஊர்வலத்தில் தலதா மாளிகையைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினித் தேவாலயங்கள் நான்கும் தத்தம் அணிகளுடன் வருகின்றன. அந்நான்கனுள் நகரின் வணிக வீதியில் தனித்து நிற்பது இதுவே. ஏனைய மூன்றும் அரண்மனைச் சூழலில் அருகருகே அமைந்துள்ளன.

அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால் நாத தேவாலய வளவை அடையலாம். கண்டி நகரில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில், பதினான்காம் நூற்றாண்டில், இது எழுந்தது. கண்டி இராசதானியாகுமுன்னரே இக்கோயில் இங்கு நின்றது என்பது கருதத்தக்கது. கருங்கல்லால் அமைந்த இதன் கருவறையையும் சிறு விமானத்தையும் காணும் தமிழர்க்குத் தென்னாட்டுக் கோயில்களின் நினைவு எழுவது இயல்பு. அக்கட்டடக் கலையின் சாயல் இதில் தெளிவாகத் தெரிகின்றது. எனினும் உள்ளே வீற்றிருப்பவர் நாத தெய்வம். மகாயான பௌத்தர் போற்றிய அவலோகிதேஸ்வரரே இவர். கண்டியில் முடிசூடும் அரசர் தமது அரசப் பெயரை இத்தெய்வத்தின் முன்னிலையில் ஏற்பது மரபு. 1798-இல் கண்ணுசாமி என்னும் இளைஞன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்ற பெயருடன் அரியணை ஏறினான். கண்டியின் கடைசி அரசன் அவனே.

ஒரு நாயக்க இளைஞன் சிங்கள இராச்சியத்துக்கு அரசனானது எவ்வாறு என்று வினவலாம். கண்டி மன்னர் மதுரை நாட்டிலிருந்து அரச மகளிரை மணந்து வந்தனர். வீர நரேந்திரசிங்கன் 1739-இல் பட்டத்துக்குரிய மைந்தனின்றி இறந்தபோது, அவனுடைய அரசியின் உடன்பிறந்தான் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் என்ற பெயருடன் முடி சூடினான். அவனைத் தொடர்ந்து கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், ஸ்ரீ இராஜாதி இராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என மூவர் ஆண்டனர். தெலுங்கும் தமிழும் வழங்கிய குடும்பத்தில் தோன்றிய இவர்கள் பௌத்த சமயத்தின் காவலராக விளங்கினர். கீர்த்தி ஸ்ரீ மன்னன் காலத்தில், 1753-இல், சீயம் நாட்டிலிருந்து பிக்குமார் வரவழைக்கப்பட்டு, அற்றுப்போயிருந்த உபசம்பதா நெறி மீண்டும் நிலைநாட்டப்பட்டது. அரசனின் உறவினர் குடியிருந்த தெருவுக்கு மலபார் வீதி என்ற பெயர் கண்டியில் வழங்கலாயிற்று.

நாத தேவாலயத்துக்கு மேற்கே, ஒரு மதில் இடையிட, பத்தினித் தேவாலயம் உள்ளது. பத்தினியாவாள் கண்ணகியே. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் கலந்துகொண்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகின்றது. கயவாகுவே பத்தினியின் சிலம்பை இங்குக் கொணர்ந்தான் என்பது சிங்கள மக்களின் மரபு. நோயும் வறட்சியும் நீங்க வேண்டிச் சிங்களத் தாய்மார் இங்கு விளக்கேற்றுகின்றனர். மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் தமிழ்த் தாய்மார் கண்ணகி அம்மன் முன் நேர்ந்துகொள்வதும் அதுவே. மொழி வேறாயினும் வேண்டுதல் ஒன்றே.

இவ்வளவை அடுத்துத் தேவ வீதியில் சிவந்த செங்கற்களாலான தூய பவுல் ஆலயம் எழுகின்றது. 1843-இல் தொடங்கிக் கட்டப்பட்ட இது ஆங்கிலப் படையினரின் வழிபாட்டுக்கென எழுந்தது. பழைய தேவாலயங்களின் நடுவே அதற்கு இடம் தேர்ந்ததே, ஆட்சி யார் கைக்கு மாறிற்று என்பதை நகரத்தார்க்கு அறிவித்தது. வீதிக்கு வடக்கே படிகள் ஏறினால் மகாதேவாலயம் எனப்படும் விஷ்ணு கோயில். நாத தேவாலயத்துக்கும் இதற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் 1814-இல் அந்நாட்டை நடுக்கிய தண்டனை நிறைவேறியது. ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்த எஹெலப்பொல அதிகாரியின் பிள்ளைகள் அரசன் ஆணையால் இங்கு வெட்டப்பட்டனர். தாய் போகம்பரை ஏரியில் அமிழ்த்தப்பட்டாள். நாயக்க மன்னனுக்கு எஞ்சியிருந்த மக்கள் ஆதரவும் அன்றோடு குன்றியது. சமயத்தைக் காத்தவன் என்று ஒருவனைப் போற்றுவோர், அவன் இழைத்த கொடுமையையும் மறைத்தல் ஆகாது.

இனி மகுல் மடுவ. அழகிய செதுக்கு வேலைப்பாடுடைய மரத்தூண்கள் தாங்கும் இத்திறந்த மண்டபமே அரசனின் கொலு மண்டபம். ஸ்ரீ இராஜாதி இராஜசிங்கன் காலத்தில் தொடங்கிய இதனை ஆங்கிலேயர் 1870-களில் நீட்டிக் கட்டினர். 1815 பெப்ரவரி 18-இல் அரசன் சிறைப்பட்டான். மார்ச் 2-இல், தேசாதிபதி பிரவுன்றிக் தலைமையில், கண்டிப் பிரதானிகள் முன்னிலையில், பன்னிரண்டு வாசகங்கள் கொண்ட உடன்படிக்கை இம்மண்டபத்தில் படிக்கப்பட்டது. பௌத்த சமயம் மீறப்படாது காக்கப்படும் என்று அதன் ஐந்தாம் வாசகம் உறுதி கூறியது. மூன்றாம் வாசகம் வேறொன்று கூறியது: அரசனின் உறவினர் யாவரும் பகைவராவர், கண்டி மாகாணங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதியின்றித் திரும்புதல் ஆகாது. மலபார் என அக்காலத்து ஆங்கிலேயர் குறித்தது தமிழரையும் அவரோடொத்த தென்னாட்டாரையுமாகும்.

அவ்வுடன்படிக்கையில் கையொப்பமிட்ட பிரதானிகளுள் சிலர் தமிழ் எழுத்துக்களைக் கையாண்டிருப்பது வரலாற்று மாணவர் நன்கறிந்த செய்தி. அரசவையில் தமிழ் பயின்று வழங்கியதற்கு அது சான்று. தமிழரை நாட்டுக்குள் வரவேண்டாம் என்று விலக்கிய பத்திரத்தின் அடியிலேயே தமிழ் எழுத்து நிற்கின்றது! எழுதிய கைக்கும் எழுதப்பட்ட வாசகத்துக்கும் இடையே உள்ள இம்முரணைக் காட்டிலும், அக்காலக் கண்டியின் நிலையை விளக்க வேறொன்று வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் தந்த உறுதியில் பிரதானிகள் வைத்த நம்பிக்கையும் நீடிக்கவில்லை. கையொப்பமிட்டவருள் ஒருவரான கெப்பெட்டிப்பொல திசாவை 1818-இல் கிளர்ச்சித் தலைவராகப் பிடிபட்டு, தலதா மாளிகையைத் தொழுதபின் தலை துணிக்கப்பட்டார்.

மண்டபத்தை அடுத்தது தலதா மாளிகை. உள்ளே உள்ள பழைய திருமாளிகை வீர நரேந்திரசிங்கன் கட்டுவித்தது. முன்னே தோன்றும் எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவ, ஸ்ரீ விக்கிரமன் காலத்தில் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி அமைத்தது. மதிலின்மேல் முகில் அலைகள் போன்ற வளைவுகளும், அவற்றில் விளக்கு வைப்பதற்கான மாடங்களும் உள்ளன.

1998 ஜனவரி 25-இல் விடுதலைப் புலிகள் வெடிபொருள் ஏற்றிய வாகனமொன்றைச் செலுத்தி இம்மாளிகை வாயிலைத் தகர்த்தனர். தொழ வந்தோர் உட்படப் பலர் உயிரிழந்தனர். முகப்பும் கூரையும் சிதைந்தன. அதிர்வினால் சுவரின் சாந்து உதிர்ந்தபோது, அதன் கீழே முந்திய காலத்து ஓவியங்கள் வெளிப்பட்டன. அழித்தவர் அறியாது வெளிப்படுத்திய அவ்வோவியங்கள், இழந்த உயிர்களுக்கு ஈடாகா. சிற்பிகளும் தச்சரும் கூடி மாளிகையைப் பழைய வடிவிலேயே சீர்ப்படுத்தினர்.

மாளிகையின் தெற்கே ஏரி விரிகின்றது. வயலாக இருந்த நிலத்தில் அணையிட்டு ஸ்ரீ விக்கிரமன் 1812 அளவில் இதனை முடித்தான். பாற்கடல் என்று பொருள்படும் கிரி முஹுத என்பது இதன் பெயர். கட்டாய ஊழியத்தால் வெட்டப்பட்டதாதலின், குடிகளிடையே மனக்குறை மிகுந்தது. ஏரி நடுவே உள்ள சிறு தீவில் அரசனின் ஓய்வு மண்டபம் இருந்தது. ஆங்கிலேயர் அதனை வெடிமருந்துச் சாலையாக்கினர். கரையோரம் நீரில் நிற்பது அரசியர் நீராடிய உல்பெங்கே மண்டபம்.

மாளிகைக்குப் பின்புறம், அரசியரின் பழைய அரண்மனையில் இப்போது தேசிய நூதனசாலை இயங்குகின்றது. அதன் அருகே மேடேறும் பாதை ஆங்கிலப் படையினரின் மயானத்துக்குச் செல்கின்றது. இளமையிலேயே மலைக் காய்ச்சலுக்கு இரையானோர் பலர் இங்கு உறங்குகின்றனர். அவர்களுள் ஒருவர் சேர் ஜோன் டொயிலி. சிங்களம் கற்று, பிரதானிகளின் மனத்தை அறிந்து, 1815 உடன்படிக்கைக்கு வழி வகுத்தவர் இவரே. கண்டியைத் தம் அரசுக்கு ஈட்டித் தந்த இவர், தாயகம் திரும்பாமலே 1824-இல் இங்கு இறந்தார். அவர் வீழ்த்திய அரசனும் தன் நாடு திரும்பவில்லை. 1816-இல் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832-இல் மறைந்தான். அவனுடைய சமாதி பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயருடன் விளங்குகின்றது. வென்றவன் கல்லறை கண்டியில். தோற்றவன் கல்லறை தமிழ்நாட்டில்.

பிரான்சு தேசத்துச் சிறு நகரங்களில் பழைய ஆலயத்துக்கும் கோட்டைக்கும் சந்தைக்கும் இடையே நடைவழி வகுத்து, பள்ளிச் சிறுவரையும் பயணிகளையும் அழைத்துச் செல்லுதல் வழக்கம். கண்டிக்கு 1988-இல் உலக மரபுரிமை நகரம் என்ற சிறப்புக் கிடைத்தது. அச்சிறப்பின் பயன் வெளிநாட்டார்க்கு மட்டும் உரியதன்று. அலவத்துகொடவிலிருந்தோ, அக்குறணையிலிருந்தோ, மாத்தளைத் தோட்டங்களிலிருந்தோ வரும் மாணவன், எந்த மொழி பேசினும், இந்நடையில் தன் முன்னோரின் சுவடு ஒன்றையேனும் காண்பான். பிறருடைய சுவட்டையும் அதனருகே காண்பான். ஆசிரியர்கள் தம் மாணவரை ஒரு நாள் இவ்வழியே அழைத்து வருதல் வேண்டும். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம். கோயில்களுள் புகுமுன் பாதரட்சையைக் கழற்றுதலும், வெண்ணிற உடை அணிதலும் முறை. செலவு, பஸ் கட்டணமும் பூக்கூடை ஒன்றின் விலையுமே.