பழைய ஜென் கார் வாங்குமுன்

சரக்குக்கு வேன் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆசைக்கு ஓட்ட மலிவாக ஒரு கார் வேண்டும் என்று கேட்கும் வணிகர்களுக்கு நாம் சொல்வது பழைய மாருதி ஜென். 1993-இல் வந்த வண்டி. 993 சி.சி. பெட்ரோல் எஞ்சின், எடையோ முக்கால் டன் அளவுதான். அதனால் மிதித்தவுடன் பாய்கிறது. 2006 இறுதியில் வந்த எஸ்டிலோ வேறு வண்டி. பெயரில் மயங்க வேண்டாம்.

மூட்டை வாயில் நல்ல பருப்பும் அடியில் சொத்தையும் வைத்துக் கட்டுவது நமக்குப் புதிதா? காரிலும் அதேதான். பெயின்ட் பளபளப்பை விட்டுவிட்டு, கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டைத் தட்டிப் பாருங்கள். திருவொற்றியூர், எண்ணூர் கடற்காற்றில் நின்ற வண்டிக்கு அடியில்தான் துரு. மழைத் தண்ணீரைப் பற்றிப் புளியந்தோப்புக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2015, 2023 வெள்ளங்களில் நனைந்த வண்டியா என்று அறிய, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். சேற்றுக்கறை இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

15 ஆண்டு முடிந்த காரின் பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 20 ஆண்டு தாண்டியதற்கு இக்கட்டணம் 2025-இல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. பசுமை வரி தனி. இதைக் கழித்தே விலை பேசுங்கள்.

29, 30 படிவங்களில் கையெழுத்தாகி, பெயர் உடனே மாறவேண்டும். விற்கிறவர்களுக்கும் இது முக்கியம்: பதிவில் யார் பெயரோ, விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது.