துருவும் ஒரு பேட்டரிதான்

1964 புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சில வாரங்களில் சரிசெய்து மறுபடி ரயில் விட்டார்கள். 1914-இல் திறந்த அந்தப் பாலத்தைக் கடைசியில் ஓய்வுக்கு அனுப்பியது துரு. 2022 டிசம்பரில் ரயில் நின்றது.

துருவை இரும்பின் நோய் என்போம். உண்மையில் அது மின்சார வேலை. டார்ச் லைட் பேட்டரிக்கட்டையின் துத்தநாகக் கூடு எலெக்ட்ரானைக் கொடுக்கிறது. உள்ளே இருக்கும் கரிய மாங்கனீசு டைஆக்சைடு வாங்கிக்கொள்கிறது. போகிற வழியில் பல்பு எரிகிறது. பாலத்தில் இரும்பின் ஓரிடம் எலெக்ட்ரானைக் கொடுக்க, இன்னோரிடத்தில் காற்றின் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்து வாங்குகின்றன. ஒயர் வேண்டாம், இரும்பே ஒயர். இதில் பல்பும் இல்லை, அணைக்க ஸ்விட்சும் இல்லை. கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து இந்தச் சுற்றை அறுபடாமல் வைத்திருக்கிறது.

ஜி.ஐ. வாளியில் கீறல் விழுந்தாலும் உடனே துரு ஏறாததற்குக் காரணம், மேலே பூசிய துத்தநாகம். எலெக்ட்ரானைக் கொடுப்பதில் அது இரும்பை முந்திக்கொள்ளும். தான் கரைந்து இரும்பைக் காக்கும். அதே ஜி.ஐ. குழாயில் பித்தளைக் குழாயை மாட்டிப் பாருங்கள், மரை பக்கமாகவே அரிக்கும். பித்தளையிலுள்ள செம்பு எலெக்ட்ரானை லேசில் விடாது, பறிகொடுப்பது பக்கத்திலிருப்பவர்தான்.

இரும்பு இடைநிலை உலோகம். இரண்டு எலெக்ட்ரானை இழந்தும் இருக்கும், மூன்றை இழந்தும் இருக்கும். மூன்றாவதும் போனபின் வருவதுதான் அந்தச் செம்பழுப்பு. அது பொருக்காக உதிர்வதால் உள்ளிருக்கும் இரும்புக்கும் காப்பில்லை. எவர்சில்வரில் கலந்த குரோமியமும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் கான்கிரீட்டில் அந்த வகைக் கம்பிகளைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

காரைக்குடியில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் துருவையும் ஆராய்கிறது, பேட்டரியையும் ஆராய்கிறது. வெளியாருக்கு விநோதமான கூட்டாகப் படலாம். மின்சார ஸ்கூட்டர்கள் பலவற்றில் இருக்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பார்த்தால் விநோதம் தீரும். சார்ஜ் ஏற்றும்போது அதிலுள்ள இரும்பு அதே மூன்றாவது எலெக்ட்ரானை இழக்கிறது. வண்டி ஓடும்போது திரும்பப் பெறுகிறது. பாஸ்பேட் படிகம் இறுகப் பிடித்திருப்பதால் இரும்பு எங்கும் உதிர்ந்து போவதில்லை. ஆயிரக்கணக்கான முறை இப்படிப் போய் வருகிறது.