ஆய்வகத்தில் ஒரு நாள்: ஆராய்ச்சி படிக்கும் நம் பிள்ளைகளைப் புரிந்துகொள்வோம்

"இன்னும் படிப்பு முடியவில்லையா?" முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொரு பெருநாளிலும் சந்திக்கும் கேள்வி இது. ஆய்வகத்தில் அவர்களின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று தெரிந்தால், இப்படிக் கேட்கமாட்டோம்.

உயிரியல் ஆய்வு செய்யும் மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். முந்தைய நாள் மாலை வளர்ச்சி ஊடகத்தில் இட்ட பாக்டீரியா, இரவு முழுவதும் வளர்ந்திருக்கும். காலையில் அதிலிருந்து சிறிதளவு எடுத்துப் புதிய ஊடகத்தில் இடுவார். ஈ.கோலை பாக்டீரியா 37 டிகிரி வெப்பத்தில், நல்ல ஊடகத்தில், சுமார் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். எனவே சரியான அளவு வளர்ச்சியை எட்டும்வரை அடிக்கடி அளந்து பார்க்க வேண்டும். அரை மணி நேரம் தவறினாலும் அன்றைய வேலை வீணாகலாம். நாம் அழைக்கும்போது ஃபோனை எடுக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மரபணுவைப் பெருக்கும் பிசிஆர் கருவி ஓடி முடிய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். தொழுகையைப் பேணும் மாணவர்கள் அந்த இடைவெளியில் ளுஹரையோ அஸரையோ தொழுதுகொள்கிறார்கள். மஃரிபுக்கான நேரம் குறுகியது என்பதால், அதற்கேற்ப மாலை வேலையை முன்கூட்டியே திட்டமிடுகிறார்கள். ஜும்ஆ நாளில் நீண்ட சோதனைகளைத் தொடங்குவதில்லை. மனித செல்களை வளர்ப்பவர்கள் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஊடகத்தை மாற்றியாக வேண்டும். அந்த முறை பெருநாளில் வந்தாலும் ஆய்வகம் போய்த்தான் ஆக வேண்டும்.

சோதனைகள் தோற்பது இங்கே அன்றாடம். ஒருமுறை கிடைத்த முடிவை யாரும் ஏற்கமாட்டார்கள். குறைந்தது மூன்று முறையாவது திரும்பச் செய்து, அதே முடிவு வர வேண்டும். ஐந்து ஆண்டுகள் ஆவது சோம்பலால் அல்ல.

செலவுக்கு என்ன வழி? சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள அளவின்படி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உதவித்தொகை உண்டு. வீட்டு வாடகைப்படி தனி. சிறுபான்மை மாணவர்களுக்கான மவுலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை ஒன்றிய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. ஆகவே எம்.எஸ்சி. படிக்கும்போதே நெட் தேர்வுக்குத் தயாராவது நம் பிள்ளைகளுக்கு முன்பைவிட அவசியமாகிறது. உதவித்தொகை வரத் தாமதமாகும் மாதங்களில் குடும்பம்தான் தாங்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. நிக்காஹ் பேசும்போதே ஆய்வில் எத்தனை ஆண்டு மீதமிருக்கிறது, இரவில் தாமதமாக வர நேருமா என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவோம். பாதியில் நின்ற ஆய்வைப் பிறகு தொடர்வது மிகக் கடினம்.

அடுத்த பெருநாளில், "எப்போது முடியும்?" என்பதற்குப் பதிலாக, "என்ன கண்டுபிடிக்க முயல்கிறாய்?" என்று கேட்டுப் பார்ப்போம். அவர்களுக்காக துஆச் செய்வோம். இன்ஷா அல்லாஹ், அவர்களின் உழைப்பு நம் சமுதாயத்திற்கும் மக்கள் அனைவருக்கும் பயன் தரும்.