ஒருமுறைதான் சொல்வார்கள்

சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு நடத்திய பொது அறிவுப் போட்டிகளில் கேள்விகள் கடினமானவை அல்ல. ஒரு தலைப்பைச் சில கட்டுரைகளாகப் பிரித்து அடுத்தடுத்து ஒலிபரப்புவார்கள். கட்டுரையோடு கேள்விகளும் வரும். விடை அந்தக் கட்டுரைக்குள்ளேயே இருக்கும். கேட்டு எழுதி, தபாலில் சேர்த்தால் போதும். ஆனால் அந்தக் குரல் சீனாவில் கிளம்பி, வானத்தில் பட்டுத் திரும்பி, குமாரபாளையத்து விசைத்தறிக்கும் ராசிபுரத்துக் கிணற்று மோட்டாருக்கும் நடுவே நுழைந்து காதுக்கு வந்து சேர வேண்டும். போட்டியின் கஷ்டமெல்லாம் அங்கேதான் இருந்தது.

சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது 1963 ஆகஸ்ட் 1-இல். அதைக் கேட்பதற்கென்றே தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நேயர் மன்றங்கள் முளைத்தன. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கத்துச் சிற்றூர்களிலும் அவை உண்டு. சிற்றலைப் பழக்கம் நம் ஊர்களுக்குப் புதிதல்ல. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. பிபிசி தமிழோசை 1941-இலிருந்து ஒலித்தது. மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வந்தது. கேட்டுவிட்டு நிலையத்துக்குக் கடிதம் போடுவதும், பதிலுக்கு வரும் வண்ண அட்டையைப் பத்திரப்படுத்துவதும் அன்றே பழகிப்போனவை. சீன வானொலிப் போட்டியில் சிறப்புப் பரிசு சீனப் பயணம். தமிழ்நாட்டு நேயர்களும் அப்படிப் போய்வந்திருக்கிறார்கள். விமான நிலையத்தையே பார்த்திராத ஊரில் இந்தச் செய்தி என்ன பரபரப்பை உண்டாக்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உலகத்தில் வேறு வகையான வானொலிப் போட்டிகளும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாயின்ட் என்றொரு சிறு நகரம். அங்குள்ள பல்கலைக்கழக மாணவர் வானொலி 1969-இல் தொடங்கிய விநாடி வினா, வெள்ளி மாலை முதல் ஞாயிறு நள்ளிரவு வரை 54 மணி நேரம் ஓடும் போட்டியாக வளர்ந்தது. கேள்வி கேட்டதும் பாட்டுப் போடுவார்கள். இரண்டு பாட்டு முடிவதற்குள் விடையைத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். நூற்றுக்கணக்கான குழுக்கள் வீடுகளில் கூடி, ஆண்டு முழுவதும் எழுதிச் சேர்த்த குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டு, முறைவைத்துத் தூங்குகின்றன. அங்கே ஒலிபரப்பு பண்பலை. ஊருக்குள் கணீரென்று கேட்கும். கேள்வி எல்லோர் காதிலும் ஒரேமாதிரி விழும். விடையைத் தேடுவதுதான் வேலை.

நம் ஊர் நேயர் மன்றத்துக்கு நிலைமை தலைகீழ். கேள்வி, விடை இரண்டுமே காற்றில் வருகின்றன. அவற்றைப் பிடிப்பதே வேலை. அதனால்தான் நேயர் மன்றத்தை ஒரு ரசிகர் சங்கமாக என்னால் பார்க்க முடியவில்லை. பல காதுகளைச் சேர்த்து ஒரே கருவியாக இயங்கிய அமைப்பு அது.

சிற்றலை என்பது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள். பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகும். மலை மறித்தால் தேயும், தொடுவானத்தைத் தாண்டினால் தொலைந்துபோகும். சிற்றலைக்கு வானத்திலேயே ஒரு கூரை உண்டு. சூரியனின் புறஊதாக் கதிர் பட்டு மேல்வளி மின்னேற்றம் பெறுகிறது; அதுதான் அயனமண்டலம். ஏறத்தாழ 200 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ‘எஃப்’ அடுக்கு, சிற்றலையை வளைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்பும். ஒரே தாவலில் 4,000 கிலோமீட்டர் வரை எட்டலாம். தென்மேற்குச் சீனத்துக் குன்மிங் நகரத்திலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர்தான்.

பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் ‘டி’ என்ற அடுக்கு உருவாகி, தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அது கரைகிறது. ஊர் அடங்கும் நேரத்தில் டயலில் திடீரென்று ஸ்டேஷன்கள் குவிவது இதனால்தான். பகலுக்கு 19 மீட்டர், 16 மீட்டர் அலைநீளப் பட்டைகள். மாலைக்கு 31, 25 மீட்டர். இரவு முதிர்ந்தால் 49 மீட்டர். அயனமண்டலம் என்ற பெயரையே கேட்டிராத நேயருக்கும் இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்கும்.

இத்தனை தூரம் பழுதில்லாமல் வந்த அலை, கடைசி நூறு அடியில் அடிபடும். தறி மோட்டார், ஸ்டார்ட்டர், கிரைண்டர், இப்போது மலிவான எல்இடி பல்பு எல்லாமே மின்கம்பிவழியே இரைச்சலைக் கக்குபவை. தறி ஓடும் தெருவில் சிற்றலை கேட்பது பெரும்பாடு. கரண்ட் போனால் அந்த இரைச்சல் ஒரு நொடியில் அறுந்துவிடும். பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டரில் குரல் தெளிந்து நிற்கும். 2012 வாக்கில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்தபோது தமிழ்நாடே தவித்தது. சிற்றலை கேட்பவர்களுக்கு மட்டும் அதில் இப்படி ஓர் ஆறுதல் இருந்தது. கோடை மழைக்கு முந்தைய மின்னல் கக்கும் இரைச்சலில் அந்த ஆறுதலும் கிடையாது. மின்னல் எந்த வயரையும் நம்பியில்லை.

இரைச்சலை வெல்ல ஆன்டெனாவைத் தெருவிலிருந்து தள்ளி உயரத்தில் கட்ட வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமில்லை. போர்வெல் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டிலும் சுற்றுப்புறத்திலும் மோட்டார் காயில் கட்டும் கடைகள் ஏராளம். காயிலிலிருந்து பிரித்தெடுத்த எனாமல் செம்புக் கம்பி அங்கே எடைக்குக் கிடைக்கும். பத்துப் பதினைந்து மீட்டர் போதும். ஒரு முனை தென்னையில், மறுமுனை மாடிக் கைப்பிடிச் சுவரில். நடுவே மின்கம்பி குறுக்கிடவே கூடாது. கம்பி முனையில் எனாமலைச் சுரண்டிவிட்டு ரேடியோவின் நீட்டு ஆன்டெனாவில் சுற்றினால், முணுமுணுத்த ஸ்டேஷன் எழுந்து பேசும். கம்பியை இன்னும் நீட்டினால் சின்ன ரேடியோ திணறிப்போய் எல்லா ஸ்டேஷனையும் ஒன்றாகக் கலக்கும். இடிமழை நெருங்கும் முன்பே கம்பியைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

ரேடியோவுக்குள் நடப்பது 1918-இல் எட்வின் ஆம்ஸ்ட்ராங் கண்ட உத்தி. வரும் அலையோடு ரேடியோ தானே உண்டாக்கும் இன்னோர் அலையைக் கலந்து, எந்த ஸ்டேஷனாக இருந்தாலும் அதை ஒரே அதிர்வெண்ணுக்கு, பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸுக்கு, இறக்கிக்கொள்ளும். அங்கே வைத்து வடிகட்டிப் பெருக்குவது எளிது. மலிவான ரேடியோவில் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. 455-இன் இருமடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அதே ஸ்டேஷன் இன்னொரு முறை மங்கலாகக் கேட்கும். போட்டி நாளில் அசல் இடத்தில் வேறொரு ஸ்டேஷனின் நிழல் ஏறி உட்கார்ந்துகொண்டால், இந்த நிழல் இடத்திலாவது கேட்கிறதா என்று முள்ளை நகர்த்திப் பார்க்கலாம்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் குரல் ஏறி இறங்கும். அதுதான் சிற்றலையின் சுபாவம். ஒரே அலை அயனமண்டலத்தில் இரண்டு மூன்று பாதைகளில் வளைந்து வருகிறது. 31 மீட்டர் அலையில் பாதைகளின் நீளம் பதினைந்தரை மீட்டர் வேறுபட்டால் போதும், ஒன்றின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் விழுந்து குரல் தேய்ந்துபோகும். சில விநாடியில் மீளும். சாதாரண நிகழ்ச்சியில் அது பொருட்டல்ல. ஆனால் அறிவிப்பாளர் விடையைச் சொல்லும் அந்த விநாடியில் தேய்ந்தால்? சீன நகரங்களின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாங்சோ, குவாங்சோ, யாங்சோ, சாங்சோ. தொடக்கம் மட்டும் அமுங்கி ‘...ங்சோ’ என்று காதில் விழுந்தால் நான்கில் எது என்று எழுதுவது? இணையம் எட்டாத நாளில் ஊர் நூலகத்தில் தேடியும் பயனில்லை. ஒருமுறைதான் சொல்வார்கள்.

மன்றத்தின் பலம் தெரிவது இங்கேதான். அலை தேய்வது எல்லா இடத்திலும் ஒரே கணத்தில் நடப்பதில்லை. சில அலைநீளங்கள் தள்ளிப்போனாலே, அதாவது சில நூறு மீட்டரிலேயே, பாதைகளின் கணக்கு மாறிவிடும். வெண்ணந்தூரில் குரல் அமுங்கும் கணத்தில் மல்லசமுத்திரத்தில் தெளிவாகக் கேட்கலாம். சேந்தமங்கலத்துக்காரருக்குக் கொல்லிமலை கிழக்கிலும் வடகிழக்கிலும் எழுந்து நின்று, தாழ்ந்த கோணத்தில் வரும் அலையை மறிக்கும். சமவெளிக்காரருக்கு அந்தத் தடை இல்லை. நாலு ஊரில் நாலு பேர் ஒரே நிகழ்ச்சியைக் கேட்டு, மறுநாள் டீக்கடையிலோ தபால் நிலையத்து வாசலிலோ குறிப்புகளை ஒப்பிட்டால், ஒருவர் விட்ட எழுத்து இன்னொருவர் நோட்டில் இருக்கும். ஒருவர் ‘ஹா’ என்று எழுதி அடியில் கோடு போட்டிருப்பார். விடை ஹாங்சோ.

அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தில் ஹரால்ட் பெவரேஜும் அவருடைய சகா பீட்டர்சனும் 1920-களில் இதே உண்மையைக் கருவியாக்கினார்கள். இடைவெளி விட்டு நட்ட ஆன்டெனாக்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிசீவர் வைத்து, அவற்றின் வெளியீடுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒன்று தேயும்போது இன்னொன்று கைகொடுக்கும். இன்று செல்போன் கோபுரத்திலும் வீட்டு வைஃபை பெட்டியிலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டெனா இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பேருந்துக் காசும் தபால் அட்டையும் மட்டுமே கையிலிருந்த நேயர்கள், அதே தத்துவத்தை மனிதர்களை வைத்து நடத்தினார்கள் என்பதில் எனக்குத் தீராத வியப்பு.

பிபிசி தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையை விட்டது. இன்னும் பல நிலையங்கள் ஒவ்வொன்றாக விலகிவிட்டன. ஆனாலும் அலைவரிசை முழுக்கக் காலியாகவில்லை. வீட்டுப் பரணில் பழைய டிரான்சிஸ்டர் கிடந்தால் எடுத்து, பேட்டரி முனைகளில் பூத்த பச்சைக் களிம்பைச் சுரண்டிவிட்டுப் புது செல் போடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல், எல்இடி விளக்கை அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய், 25, 31 மீட்டர் பட்டைகளில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஏதாவதொரு நிலையம் கிடைத்தால், அது எப்படிக் கேட்டது என்று அந்த நிலையத்துக்கே கேட்பறிக்கை எழுதிப் போடலாம். தேதி, அதிர்வெண், உலக நேரம் ஆகியவை வேண்டும்; நம் கடிகாரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் உலக நேரம். அடுத்து ஐந்து எண்கள்: குரலின் வலு, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், தேய்வு, மொத்தத் தரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். தறி ஓடும் தெருவென்றால் மூன்றாம் எண் பெரும்பாலும் 2 அல்லது 3. கேட்டதற்கு அத்தாட்சியாக நிகழ்ச்சியில் வந்த இரண்டு மூன்று விவரங்களையும் எழுதுங்கள். அவை சரியாக இருந்தால்தான் நிலையம் அந்த வண்ண அட்டையை அனுப்பும்.